அடிக்காந்தல்

புளிச்சோறு இருந்த பை ரயிலோடு போய்விட்டது. எடிசனில் ஏறியதும் தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்தேன். நியூயார்க் பென் ஸ்டேஷனில் கூட்டம் தள்ளிய தள்ளலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதுதான் நினைவிருக்கிறது. படியேறி வெளிச்சத்துக்கு வந்த பிறகு அம்மா என் இரண்டு கைகளையும் பார்த்தாள். "சோத்துப்பை எங்கம்மா?" என்றாள்.

2014 மே மாதம். தம்பி வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் அம்மா வெளியில் எங்கேயும் வாய் வைக்கவில்லை. அதற்குக் காரணம் விமானத்தில் நடந்தது. சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும், அம்மா முன்னால் வந்த தட்டின் மூடியைத் திறந்ததும் கோழி வாடை அடித்தது. அப்பா இறந்த வருஷத்திலிருந்து அம்மா கவுச்சி தொடுவதில்லை. மாற்றித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அம்மா அந்த மாற்றுத் தட்டைத் திறக்கவேயில்லை. இரண்டு வாழைப்பழத்தோடு கடலைக் கடந்து வந்து சேர்ந்தாள். அதன்பிறகு எங்கே போனாலும் தூக்கில் சோறு கூடவே வரும். அன்றைக்கு அதுதான் போய்விட்டது.

சுதந்திர தேவி சிலை, படகு, கூட்டம் எல்லாம் சுற்றுலாக்காரர்கள் பார்க்கிற மாதிரியே பார்த்தோம். அம்மா நியூயார்க்கில் பார்க்க விரும்பியது வேறொன்று. தம்பி படித்த காலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். அது ஈஸ்ட் வில்லேஜில், பதின்மூன்றாம் தெருவில் இருந்தது. எல் ரயிலில் ஃபர்ஸ்ட் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். செங்கல் கட்டிடம். முகப்பில் தீ விபத்துக்கான இரும்புப் படிகள் ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கின. லிஃப்ட் கிடையாது. ஐந்தாம் மாடியில் இடதுபக்க ஜன்னல் என்று தம்பி சொல்லியிருந்தான். அம்மா நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்புட்டு உசரத்துக்கா அரிசி மூட்டையைத் தூக்கிட்டுப் போனான்?"

"அரிசி எங்கே வாங்கினான், பாதி நாள் மக்ரோனிதான்" என்றேன்.

அந்த ஐந்து வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான், சாப்பிட்டியா. சாப்பிட்டேன் என்பான். என்ன சாப்பிட்டே என்றால் மக்ரோனி என்பான். நம் ஊரில் சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்தில் விற்கும் மக்ரோனியை வெங்காயம் போட்டுத் தாளித்து உப்புமா செய்கிறான் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கடுகு கிடைக்குதா என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

மணி இரண்டரை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, ஆனால் பசி தாங்கமாட்டாள், கை நடுங்கும். தம்பிக்குப் போன் செய்தேன். லெக்சிங்டன் அவென்யூவில் சரவண பவன் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள் என்றான். அம்மாவால் இனி ஒரு படி இறங்க முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படின்னா அடுத்த தெருவுக்குப் போங்க. நான் சாப்பிட்ட கடைதான். பாலும் வெண்ணெயும் கோதுமையும்தான். அம்மாவுக்கு ஆல் அமெரிக்கன்னு கேட்டு வாங்கு, வேற எதுவும் வேண்டாம்" என்றான்.

பன்னிரண்டாம் தெருவில் இருந்த அந்தக் கடைக்கு ஸ்மேக் என்று பெயர். மக்ரோனியும் சீஸும் மட்டுமே விற்கிற கடை. ஒரே பண்டத்தை வைத்து ஒரு கடையா என்று நமக்குத் தோன்றாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவளுக்கு அது உலக வழக்கம். பால்கோவாவுக்கு மட்டும் அங்கே எத்தனை கடைகள்!

வாசலில் நின்று அம்மாவிடம் சீஸ் என்றால் என்னவென்று சொன்னேன். மறைத்துக் கொடுக்க மனம் வரவில்லை. பாலைத் திரியவைத்து, தண்ணீரை வடித்து, அழுத்தி, மாசக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்றேன்.

"திரிஞ்ச பாலா?" என்றாள்.

இந்த இரண்டு சொற்களும் அம்மா வாயிலிருந்து வரும்போது அவற்றுக்கு இருக்கிற கனம் வேறு. அவளுடைய அய்யா, அதாவது என் தாத்தா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் அடுப்படியில் முப்பது வருஷத்துக்கு மேல் கிண்டுகிற வேலை பார்த்தவர். ஒரு வாணலிப் பால் திரிந்தால் அன்றைய கூலி போச்சு. சில நாள் மறுநாள் கூலியும் சேர்ந்து போகும். வெயில் காலத்தில் பால்காரர் வரத் தாமதமானால் வீட்டில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். பால் திரிவது எங்கள் வீட்டில் கெட்ட சகுனம்கூட இல்லை, நேரடியான நஷ்டம். வடநாட்டில் பாலைத் திரித்து ரசகுல்லா செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது தாத்தா நம்பவில்லை என்று அம்மா சொல்வாள்.

வெப்பமான நாட்டில் நாம் பாலை நெருப்பால் காப்பாற்றினோம். காய்ச்சிக் காய்ச்சிச் சுண்டவைத்தோம், உறையூற்றினோம், கடைந்து உருக்கி நெய்யாக்கினோம். குளிர்ந்த நாடுகளில் பாலைக் கட்டியாக்கி, உப்பிட்டு, நிலவறையில் வைத்துக் காப்பாற்றினார்கள். பத்து லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ செடார் சீஸ் ஆகும். அதே பத்து லிட்டர் சர்க்கரையோடு சேர்ந்து சுண்டினால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கோவா. அந்தக் கோவா ஒரு வாரம் தாங்கும். செடாரை வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

பாலைக் கட்டுவதற்கு எதை ஊற்றுகிறார்கள் என்றும் அம்மா கேட்டாள். இதைத் தவிர்க்கத்தான் முதலில் நினைத்தேன். தம்பி நியூஜெர்சியில் மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறான், நொதிகளோடுதான் அவன் பிழைப்பு. அவன் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆதியில் பால்குடி மறக்காத கன்றின் நாலாவது வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற நொதியை ஊற்றித்தான் சீஸ் கட்டினார்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு இன்றும் அதுதான் சட்டம். ஆனால் அந்த நொதியில் வேலை செய்கிற கைமோசின் என்ற பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கும் முறைக்கு 1990-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அனுமதி தந்தது. இப்போது அமெரிக்காவில் செய்கிற சீஸில் பெரும்பகுதி அப்படிக் கட்டியதுதான், கன்றைத் தொடுவதில்லை.

அம்மா முகம் சுளிக்கவில்லை. "கன்னுக்குட்டி வயித்துல பால் கட்டும்னு எனக்குத் தெரியாதா" என்றாள். "குடிச்ச கன்னு கக்குனா கட்டி கட்டியாத்தான வரும். சீம்பாலு எந்த மருந்து ஊத்திக் கட்டுது? ஆவியில வச்சா தன்னால கட்டிக்கிடும்." மாடு கன்று போட்ட வீட்டிலிருந்து அண்டை வீடுகளுக்குச் சீம்பால் போகும். அதில் கருப்பட்டி கலந்து இட்லிச் சட்டியில் அவித்துத் துண்டு போடுவார்கள். திரிந்த பால் என்று அவள் பயந்ததற்கும் சீம்பால் கட்டிக்கும் நடுவில் என் கண்முன்னே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னக் கடை. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சுவர்கள். உள்ளே நுழைந்ததும் காய்ந்த வெண்ணெய் வாசனை. கல்லாவில் சொல்லி, காசைக் கட்டிவிட்டு, மேசையில் காத்திருக்க வேண்டும், சட்டி வந்து சேரும். சின்னச் சட்டியில் ஆரம்பித்து ஆள் அளவுக்குத் தகுந்தபடி பல அளவுகள் உண்டு. மேலே ரொட்டித் தூள் தூவவா வேண்டாமா என்று கேட்டார்கள். தூவச் சொன்னேன். அம்மாவுக்குத் தம்பி சொன்னபடி ஆல் அமெரிக்கன், அதாவது அமெரிக்கன் சீஸும் செடாரும். பட்டியலில் மசாலா என்றே ஒரு வகை இருந்தது, அதை எனக்குச் சொன்னேன். பிரான்ஸ், ஸ்பெயின் என்று ஊருக்கொரு ருசியாக அடுக்கியிருந்தவற்றுக்கு நடுவில் அந்தச் சொல்லைப் படித்தது, பஸ் நிலையத்தில் நம் ஊர்ப் பெயர் எழுதிய பலகையைப் பார்த்த மாதிரி இருந்தது.

கடைப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். சரிதாவின் மக்ரோனி அண்ட் சீஸ் என்பதன் சுருக்கம் அது. சரிதா ஏக்யா, சீசர் ஏக்யா என்ற கணவன் மனைவி 2006-இல் தொடங்கிய கடை. அதற்கு முன் இரண்டு பேரும் இஞ்சினியர்கள்.

"சரிதாவா? நம்ம பேரால்ல இருக்கு. பொம்பளை பேருலயா போர்டு வச்சிருக்காக?" என்று அம்மா கேட்டாள். எழுந்து வாசலுக்குப் போய் வெளியில் தொங்கிய பலகையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சட்டி வந்தது. வார்ப்பிரும்புச் சட்டி, ஒரு கை அகலம், குட்டையான பிடி. கொண்டுவந்த பெண், சுடும் தொடாதீர்கள் என்று கையால் சைகை செய்து அம்மாவுக்கு எதிரில் வைத்தாள். அடுப்பை விட்டு இறங்கியும் கொதி அடங்கவில்லை. ஓரத்தில் குமிழ்கள் எழுந்து எழுந்து உடைந்தன. வளைந்த மக்ரோனித் துண்டுகள் ஒவ்வொன்றின் உள்ளும் புறமும் இளமஞ்சள் குழம்பு அப்பியிருந்தது. ரொட்டித் தூள் பொன்னிறமாக முறுகியிருந்தது. சட்டியின் விளிம்பைச் சுற்றி, குழம்பு இரும்பில் பட்ட இடம் மட்டும், விரல்கனத்துக்கு ஒரு பழுப்பு வளையம்.

அம்மா முள்கரண்டியைத் தள்ளிவைத்தாள். ஸ்பூன் வாங்கிவந்து கொடுத்தேன். முதலில் சாப்பிடவில்லை. ஸ்பூன் நுனியால் குழம்பை விலக்கி அடியைப் பார்த்தாள், தூக்கி வழியவிட்டுப் பார்த்தாள். "நெய் பிரியலை பாரு" என்றாள். கோவா கிண்டுகிறவர்களுக்கு அதுதான் பரீட்சை. தீ கொஞ்சம் கூடினாலும், கை கொஞ்சம் நின்றாலும் கொழுப்பு தனியே பிரிந்து ஓரத்தில் எண்ணெயாக நிற்கும், உள்ளே இருப்பது மணல் மணலாகிவிடும். சீஸுக்கும் அதே தொல்லைதான். வெறுமனே சூடாக்கினால் எண்ணெய் கக்கி ரப்பராகிவிடும். அதனால்தான் வெண்ணெயில் மாவை வறுத்து, பாலூற்றிக் குழம்பாக்கி, அதில் சீஸைக் கரைக்கிற முறை வந்தது. மாவு கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கன் சீஸில் அந்த வேலையை அதில் சேர்க்கிற உப்புகள் செய்கின்றன. சீஸைப் பதப்படுத்தி, சூட்டுக்குப் பிரியாமல் உருகவைக்கிற முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை வாங்கினார். இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. வழிகிற விதத்தைப் பார்த்தே யாரோ வேலை தெரிந்தவர் கிண்டியிருக்கிறார் என்று கண்டுகொண்டாள்.

அப்புறம் சாப்பிட்டாள். ஊதி ஊதி, அவசரமில்லாமல், ஒரு பேச்சும் இல்லாமல். என்னுடைய மசாலாச் சட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வைத்தேன், நல்லாருக்கு என்று சொல்லித் திருப்பித் தள்ளிவிட்டாள். எனக்கும் பிறகு அப்படித்தான் தோன்றியது. மசாலா தெரிந்த நாக்குக்கு மசாலா புதிதில்லை. அம்மா சட்டியில் இருந்தது உப்பும் பாலும் மாவும் மட்டும், இளம் புளிப்போடு, சூடாக. நாக்குக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. காய்ச்சல் விட்ட அன்றைக்குக் கொடுக்கிற சாப்பாடு மாதிரி அது தானே இறங்கியது. அம்மாவின் கை நடுக்கம் பாதிச் சட்டியிலேயே நின்றுவிட்டது.

பிறகுதான் அது நடந்தது. சட்டி காலியானதும் அம்மா ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்தாள். சட்டியைத் துணியோடு சேர்த்து இடக்கையால் சாய்த்துக்கொண்டு, விளிம்பிலிருந்த பழுப்பு வளையத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். கரக், கரக் என்று கடைமுழுக்கக் கேட்டது. பெயர்ந்து வந்த சுருளை வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"காந்தல்" என்றாள். "அய்யா அடுப்புக் காந்தல்."

கோவா இறக்கி வைத்த வாணலியின் அடியிலும் ஓரத்திலும் கருப்பட்டி நிறத்தில் ஒட்டியிருப்பதற்குத்தான் அடிக்காந்தல் என்று பெயர். அது விற்பனைக்கு இல்லை. அடுப்படிக்காரர்களின் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிடுவது அந்தக் கடையின் வழக்கம். தாத்தா விடியற்காலை நாலு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவது அம்மாவின் வேலை. ஏழெட்டு வயது. விறகடுப்பு எரிகிற அந்த அறைக்குள் நுழைந்தால் முதல் கொஞ்ச நேரம் கண் தெரியாதாம், புகையும் ஆவியும். பால் பொங்கி மேலே வரும், கிண்டக் கிண்ட இறங்கும், மறுபடி வரும். பால் பாதிக்கு மேல் சுண்டிய பிறகுதான் சர்க்கரை விழும். அதற்குப் பிறகு கையை எடுக்கக்கூடாது. ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் எடுக்கக்கூடாது. நீளமான சட்டுவத்தால் அடியைத் தேய்த்துத் தேய்த்துத் தள்ள வேண்டும். அந்த வேளையில் மகள் வந்து நின்றாலும் தாத்தா திரும்பிப் பார்க்கமாட்டார். "அங்கன வச்சுட்டு உக்காரு" என்று மட்டும் சொல்வார்.

நான் பார்த்த தாத்தா வயதானவர். அவருடைய வலதுதோள் இடதுதோளைவிட இறங்கியிருக்கும். வலதுகையில் முழங்கைக்குக் கீழே ஒரு ரோமம் இருக்காது, தோல் மினுமினுவென்றிருக்கும். சின்னப் பிள்ளையில் நான் அதைத் தடவிப் பார்ப்பேன்.

வாணலி ஆறியதும் பிள்ளைகள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சுரண்டுவார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம், எல்லை தாண்டக்கூடாது. இனிப்புக்குப் பின்னால் லேசான கசப்பு, அதற்கும் பின்னால் புகை. "கோவாவை எப்பயாவதுதான் கண்ணுல பாத்தோம். காந்தல் தெனமும் உண்டு" என்றாள் அம்மா. ஸ்மேக் கடையின் மேசையில், ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வாணலியில் தன் பங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்த பையன் சட்டியை எடுக்கக் கை நீட்டினான். அவள் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அந்தப் பையனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று இரவு எடிசனில் தம்பி தட்டு கழுவிக்கொண்டே கேட்டான், எப்படி இருந்தது என்று. அம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. "இதத்தான் தின்னியா?" என்றாள். அதுவும் உண்டு, உதவித்தொகை வருகிற அன்றைக்கு மட்டும் என்றான். மற்ற நாட்களில் நீல அட்டைப்பெட்டி. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். கிராஃப்ட் கம்பெனி 1937-இல், வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய காலத்தில், பத்தொன்பது சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம் என்று விற்க ஆரம்பித்த பெட்டி அது. உள்ளே உலர்ந்த மக்ரோனியும் ஒரு சிறு பொட்டலத்தில் சீஸ் பொடியும். யுத்தத்தில் பங்கீடு வந்தபோது ஒரு கூப்பனுக்கு இரண்டு பெட்டி கிடைத்தது, வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா பொடிப் பொட்டலத்தைப் பிரித்து மோந்தாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு அமெரிக்கப் பால்பவுடரைக் கரைத்து ஊற்றுவார்களே, அந்த வாடை என்றாள். பால் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், பாலைக் கிண்டுகிறவரின் மகள், பள்ளியில் குடித்தது அமெரிக்கப் பவுடர்ப் பால்.

அடுத்த வாரக் கடைசியில் தம்பி எங்களை வர்ஜீனியாவுக்குக் காரில் கூட்டிப் போனான். சார்லட்ஸ்வில் பக்கத்தில் மலைமேல் மான்டிசெல்லோ, அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் வீடு. எங்கள் திட்டத்தில் முதலில் அது இல்லை. மக்ரோனி பற்றிய பேச்சு வீட்டில் ஓயாமல் நடந்ததால் தம்பிக்குத் தோன்றிய யோசனை. மாளிகையைவிட அதன் சமையலறையில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். வீட்டின் பக்கவாட்டு மேடைக்கு அடியில் இருக்கிறது. செங்கல்லால் கட்டிய அடுப்புத் திண்ணை, மேலே வரிசையாக எட்டுக் குழி, ஒவ்வொன்றுக்கும் அடியில் தணல். குழிக்குக் குழி தணலைக் கூட்டியும் குறைத்தும் தீயை அளந்து வைக்கலாம். பாலும் முட்டையும் சேர்ந்த பிரெஞ்சுக் குழம்புகள் திரியாமல் வர அது வேண்டும். அம்மா குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள்.

"இங்கன நின்னு கிண்டுனது யாரு?" என்றாள்.

இந்த அடுப்படி கட்டப்படுவதற்கு முன்பே இந்த வீட்டில் நின்று கிண்டிய ஒருவரின் கதையைத் தம்பி சொன்னான். ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். 1784-இல் ஜெஃபர்சன் பாரிஸுக்குப் போனபோது, பத்தொன்பது வயதான ஹெமிங்ஸைப் பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காகவே கூட்டிப் போனார். பெரிய சமையல்காரர்களிடம் கற்று, ஜெஃபர்சனின் பாரிஸ் வீட்டுக்குத் தலைமைச் சமையல்காரர் ஆனார். பிரெஞ்சு மண்ணில் அடிமைத்தனம் செல்லாது, கேட்டிருந்தால் அங்கேயே விடுதலை கிடைத்திருக்கக்கூடும். ஆனால் 1789-இல் திரும்பி வந்தார். இன்னொருவருக்குச் சமையலைக் கற்றுக்கொடுத்துவிட்டால் விடுதலை தருவதாக 1793-இல் ஜெஃபர்சன் எழுதிக்கொடுத்தார். ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்கே கற்றுக்கொடுத்தார். தம்பியை அடுப்படியில் நிறுத்திவிட்டு, 1796-இல் அண்ணன் வெளியே வந்தார். 1801-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

மறுவருஷம், 1802-இல், ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனி என்றொரு பண்டம் பரிமாறப்பட்டதைச் சாப்பிட்ட ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்காவுக்கு மக்ரோனியும் சீஸும் ஜெஃபர்சன் கொண்டுவந்தது என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒரு மனிதர்தான் கொண்டுவந்தார் என்பதே மிகை. இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அதற்கு முன்பே அது உண்டு. ஆனால் ஜெஃபர்சன் அடுப்பில் நின்று ஒரு வெள்ளைக் குழம்பைக்கூடக் கிண்டியவர் இல்லை என்பது நிச்சயம். தென் மாநிலங்களின் பெரிய வீட்டு அடுப்படிகளில் கிண்டியவை கறுப்புக் கைகள். விடுதலைக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் நன்றிகூறல் நாளுக்கும் மக்ரோனியைத் தங்கள் பண்டமாகவே வைத்துக்கொண்டார்கள். எந்தப் பெரியம்மா கைப்பக்குவம் என்பது இன்றும் அங்கே முக்கியம்.

அம்மா எட்டாவது குழியின் விளிம்பில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பிய விட்டுட்டா வந்தான்?" என்று ஒருதரம் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றபோது, தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துப் பின்னால் நீட்டினான். 1796-இல் விடுதலை பெற்றுக் கிளம்பும்போது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் தன் கையால் எழுதிய பட்டியல், சமையலறைப் பாத்திரங்களின் கணக்கு. இத்தனை செம்புச் சட்டி, இத்தனை மூடி, இத்தனை அச்சு என்று ஒழுங்கான கையெழுத்தில் வரிசையாக. இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அவர் சமைத்ததற்கு ருசி மிஞ்சவில்லை, உருவப்படம் என்று நம்பத்தக்கதாக ஒன்றும் இல்லை. இந்தத் தாள் இருக்கிறது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, திரை அணைந்துவிட்டது.

"ஒரு தாளும் பேனாவும் குடு" என்றாள் என்னிடம்.

கைப்பையில் பென் ஸ்டேஷனில் வாங்கிய வரைபடம் இருந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, கொடுத்தேன். வண்டி கிளம்பிய குலுக்கலில், மடியில் வைத்து, ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் இருட்டிவிட்டது, உள்விளக்கைப் போடச் சொன்னாள். நான் எட்டிப் பார்த்தேன்.

இரும்பு வாணலி பெருசு 4
சிறுசு 2
சட்டுவம் நீளம் 5
கட்டைச் சட்டுவம் 1, அய்யாவோடது
பால் அளக்குற படி 2
கேன் 11
தராசு 1
ஓலைப்பெட்டி அடுக்கு
ஊதாங்குழல் 3
காந்தல் சுரண்டுற கரண்டி 4, பிள்ளைகளுக்கு

கீழே ஒரு வரி இடம் விட்டாள். அந்தக் கடையின் பெயரை எழுதுவாள் என்று நினைத்தேன், அது இன்றும் நடக்கிற கடை, ஊரே அறிந்த பெயர். அம்மா பேனாவை உதறிவிட்டு, இனிஷியலோடு, தாத்தாவின் பெயரை எழுதினாள்.